நாற்பத்திரண்டோடு ஏன் நிறுத்தினீர்கள்?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 62. பாலக்கோடு பக்கத்தில் எங்கள் கிராமத்து அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கணவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அதன்பின் மகன் என்னை ஓசூருக்குத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டான். மகனும் மருமகளும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனாலும் ஊரையும் எங்கள் ஆலயத்தையும் நினைத்தால் தொண்டை அடைக்கிறது. தினமும் காலை நான்கரை மணிக்கு எழுந்து வேதாகமத்தில் ஐந்து சங்கீதம் வாசிக்கிறேன். மாதம் ஒருமுறை 150 சங்கீதமும் முடிந்துவிடும். இப்படி 23 முறை முடித்து, ஒவ்வொரு முறையும் வேதாகமத்தின் கடைசித் தாளில் தேதி போட்டு வைத்திருக்கிறேன். உள்ளான மனுஷன் வளர வேண்டும் என்றுதான் வாசிக்கிறேன், வளர்ந்ததாகத் தெரியவில்லை. ஜெபக்குழுவில் ஒரு சகோதரி ஓர் அட்டவணை கொடுத்து, மனக்கலக்கம் தீர 42ஆம் சங்கீதத்தை நாற்பது நாள் விடாமல் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கலக்கம் கூடியதுதான் மிச்சம். 36 வருடத்துக்கு முன் பிறந்து பதினோராம் நாள் இறந்துபோன என் பெண்பிள்ளை இப்போது நினைவில் வந்து வந்து நிற்கிறாள். ஏன் என்று புரியவில்லை. ஒரு கல்யாண வீட்டில் கணவரின் அண்ணன், “இத்தனை ஜெபம் செய்தாயே, உன் சாமி எங்கே போனார்?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இரவில் தூக்கமும் சரியில்லை. என் விசுவாசத்தில் குறையா? சங்கீதத்தை எப்படி வாசிக்க வேண்டும்?
(பெயர் வேண்டாம், ஓசூர்)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது அந்த 23 தேதிகள்தான் கண்முன் நின்றன. பழகாத வீட்டில், மற்றவர் தூக்கம் கெடாதபடி சமையலறை விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு (அப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன்) இரண்டு வருடம் விடாமல் வேதாகமத்தைத் திறந்த ஒருவரிடம் விசுவாசம் குறைவு என்று சொல்ல எனக்கு வாய் வராது. இருந்தாலும் இருபத்துநான்காவது தேதியை இப்போதைக்குப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.

அந்த அட்டவணையை நானும் பார்த்திருக்கிறேன். பணமுடைக்கு ஒன்று, வழக்குக்கு ஒன்று, பிள்ளைக்குச் சம்பந்தம் அமைய ஒன்று, திருட்டுப் பயத்துக்கு 91. பல வீடுகளில் பீரோக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும். நல்லெண்ணத்தில்தான் கொடுக்கிறார்கள், கோபப்படுவதற்கில்லை. ஆனால் 91ஆம் சங்கீதத்தைச் சாவிபோல் போட்டுத் திருப்பிப் பார்த்தவன் வேதாகமத்திலேயே ஒருவன் இருக்கிறான். மத்தேயு நான்காம் அதிகாரத்தில், இயேசுவை தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்தி, “தாழக் குதியும், தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள்” என்று அந்தச் சங்கீதத்தையே எடுத்துச் சொன்னானே, அந்தப் பிசாசுதான். வசனம் சரியாகத்தான் சொன்னான். பயன்படுத்திய விதம்தான் அவனுடையது.

இதில் வேடிக்கை, அந்தச் சகோதரி எதையோ நினைத்துக் கொடுத்தாலும் உங்களுக்கான சங்கீதத்தைத்தான் கொடுத்திருக்கிறார். 42ஆம் சங்கீதத்தின் தலைப்பை ஒருமுறை பாருங்கள். பொடி எழுத்தில் இருப்பதால் பெரும்பாலானோர் தாண்டிவிடுவார்கள். கோராகின் புத்திரர் என்றும், “மஸ்கீல் என்னும் போதக சங்கீதம்” என்றும் இருக்கும். போதிக்கிற பாட்டு. கோராகு யார் என்பது நினைவிருக்கும். மோசேக்கு எதிராக எழும்பி, பூமி வாய்திறந்து விழுங்கியவன். “கோராகின் குமாரரோ சாகவில்லை” என்று எண்ணாகமம் 26இல் ஒரு சின்ன வரி வருகிறது. அந்தச் சந்ததி பிற்காலத்தில் கர்த்தருடைய கூடாரத்து வாசலைக் காக்கிறவர்களாகவும் பாடகர்களாகவும் இருந்ததை நாளாகமப் புத்தகங்களில் வாசிக்கிறோம். வாசல் காத்த குடும்பம் அது. இந்தப் பாட்டில் அந்தக் குடும்பத்துக்காரன் ஒருவன் அந்த வாசலுக்கு வெகுதூரத்தில் நிற்கிறான்.

எங்கே நிற்கிறான் என்பதும் ஆறாம் வசனத்தில் இருக்கிறது. யோர்தான் தேசம், எர்மோன் மலைகள், சிறுமலை. எருசலேமிலிருந்து ஏறக்குறைய 180 கிலோமீட்டர் வடக்கே, யோர்தான் ஊற்றெடுக்கும் மலையடிவாரம். அந்த நாட்டில் தண்ணீர் மிகுந்த பகுதி எது என்றால் அதுதான். பக்கத்திலேயே தண்ணீர் இரைந்துகொண்டிருக்கிறது, அவனோ தாகம் என்கிறான். “நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள்” என்று நீங்கள் எழுதியிருந்த வரியில் ஒரு குற்ற உணர்ச்சி ஒளிந்திருப்பதாக எனக்குப் பட்டது. நல்ல மகன், நல்ல மருமகள், குறையில்லாத வீடு, இதற்குமேல் என்ன ஏக்கம் என்று உங்களையே நீங்கள் அதட்டிக்கொள்கிறீர்கள். எர்மோனிலும் குறை ஒன்றும் இல்லை, சகோதரி. அது எருசலேம் இல்லை, அவ்வளவுதான்.

தண்ணீர் இருந்தும் தாகம் என்பதைத் தருமபுரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வந்தது, குடித்தோம், தாகம் அடங்கியது. அதிலிருந்த ஃபுளோரைடு பல்லில் பழுப்புக் கறையாகவும் முழங்கால் வலியாகவும் பிறகு தெரிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் குழாயில் வரும்வரை எத்தனையோ ஊர்களில் அதுதான் கதி. “ஜீவனுள்ள தேவன்மேலேயே தாகமாயிருக்கிறது” என்று இரண்டாம் வசனத்தில் அவன் அழுத்திச் சொல்லும்போது எனக்கு அந்தக் கறை படிந்த பற்கள்தான் நினைவுக்கு வரும். எண்ணிக்கையும் ஒரு வகையில் தாகத்தை அடக்கும். இன்றைக்கு ஐந்து முடிந்தது, இந்த மாதம் நூற்றைம்பது முடிந்தது என்று மனம் கொஞ்சம் அமரும். அதை நீங்களே கண்டுபிடித்துவிட்டதால்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

முதல் வசனத்து மானை நாம் படத்தில் பார்க்கிற மானாக நினைத்துக்கொள்கிறோம். பச்சைப் புல், தெளிந்த ஓடை, தலையைக் குனிந்து குடிக்கும் புள்ளிமான். காலண்டர் அச்சடிப்பவர்கள் செய்த வேலை. வசனத்தில் மான் குடிக்கவே இல்லை, கதறுகிறது. எபிரேயத்தில் அந்த வினைச்சொல் வேதாகமத்தில் இன்னொரே இடத்தில்தான் வருகிறது. யோவேல் முதலாம் அதிகாரத்தின் கடைசியில், நதிகள் வற்றிப்போய், மேய்ச்சல் நிலம் தீய்ந்துபோய், வெளியின் மிருகங்கள் கதறுகிற இடம் அது. பென்னாகரம் காட்டோரத்தில் சித்திரை வைகாசியில் இருந்து பார்த்தவர்களுக்கு அந்த மானைத் தெரியும். ஓடையில் மணல்தான் இருக்கும். வனத்துறை கட்டிய தொட்டியும் காய்ந்திருந்தால் தண்ணீர் தேடி ஊருக்குள் வரும். வந்தால் நாய்கள் விடாது. ஒருமுறை ஒரு வீட்டுத் தொழுவத்தில், மாட்டுக்கு வைத்த கழுநீர்த் தொட்டியருகே ஒரு பெண்மான் நின்றதைக் கண்டேன். விலா இரண்டு பக்கமும் உலைத் துருத்திபோல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஆள் பக்கத்தில் போயும் ஓடவில்லை. அச்சத்தைவிடத் தாகம் பெரிதாகிவிட்ட நிலை அது. சங்கீதக்காரன் தன்னை ஒப்பிட்டுக்கொள்வது அந்த மானோடு.

இன்னொன்று. “என் ஆத்துமா தாகமாயிருக்கிறது” என்ற இடத்தில் எபிரேயச் சொல் நெஃபெஷ். உயிர், ஆள், ஆத்துமா என்று பல பொருள் அதற்கு. தொண்டை என்பதும் ஒன்று. ஊரை நினைத்தால் தொண்டை அடைக்கிறது என்று எழுதினீர்கள். எபிரேயம் தெரியாமலேயே சரியான சொல்லைப் பிடித்துவிட்டீர்கள்.

நான்காம் வசனத்தை அதிகம் விளக்கப் போவதில்லை. பண்டிகை ஆசரிக்கிற கூட்டத்தோடு பாடிக்கொண்டு ஆலயத்துக்குப் போன நாட்களை அவன் நினைக்கிறான், உள்ளம் உருகுகிறது. உங்கள் ஊர் ஆலயத்தில் நடு இரவு கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து, பனியில் எல்லாரும் சேர்ந்து நடந்து வீட்டுக்கு வந்தது உங்களுக்கு நினைவு வரும். வரட்டும். பழையதை நினைத்து அழுவது அவிசுவாசம் என்று யாரும் சொன்னால் இந்த வசனத்தைக் காட்டுங்கள்.

இப்போது உங்கள் மைத்துனர் கேட்டது. “உன் தேவன் எங்கே” என்பது மூன்றாம் வசனத்திலும் பத்தாம் வசனத்திலும் அப்படியே இருக்கிறது. கல்யாண வீட்டில் அவர் ஏறக்குறைய வேதவசனத்தைத்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறார், பாவம், அவருக்கே தெரியாது. சங்கீதக்காரன் அதற்கு என்ன பதில் சொன்னான் என்று தேடினேன். ஒன்றுமே சொல்லவில்லை. இந்தச் சங்கீதத்திலும் இதைத் தொடர்ந்து வரும் 43இலும் அப்படிக் கேட்டவர்களைப் பார்த்து ஒரு வார்த்தை கிடையாது. ஒன்பதாம் வசனத்தில் அந்தக் கேள்வியைக் கொண்டுபோய் நேரே தேவனிடம் வைக்கிறான்: “ஏன் என்னை மறந்தீர்?” உங்களுக்குப் பதில் வராமல் போனது தோல்வி என்று எண்ண வேண்டாம். பதில் சொல்ல வேண்டிய இடம் அந்தப் பந்தல் இல்லை.

எனக்கு மிகவும் கனமான வரி ஏழாம் வசனம்தான். “உமது மதகுகளின் இரைச்சலால் ஆழத்தை ஆழம் கூப்பிடுகிறது.” வேறு மொழிபெயர்ப்புகளில் அருவி என்று இருக்கிறது, நம் பழைய மொழிபெயர்ப்பில் மதகு. அணையும் ஏரியும் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தச் சொல் போதும். 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் மதகுகளில் ஒன்று உடைந்து தண்ணீர் பீறிட்டதும், தென்பெண்ணைக் கரையோர ஊர்களுக்கெல்லாம் எச்சரிக்கை போனதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். உடைந்தது ஒரு மதகுதான். ஆனால் அணையில் சேர்ந்திருந்த தண்ணீர் அந்த ஒரு வழியைப் பார்த்து வரும். இது எந்த மழையில் வந்த தண்ணீர், எந்த மாதத்தில் சேர்ந்தது என்று அது பிரித்துப் பார்க்காது.

பதினோரு நாள் குழந்தை ஏன் இப்போது வருகிறாள் என்று கேட்டீர்கள். 36 வருடத்துக்கு முன் உங்களை அழ விட்டார்களா என்று எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் பெரும்பாலும் விடமாட்டார்கள். “அடுத்தது பிறக்கும், போ” என்று சொல்லி, பச்சை உடம்போடு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு அங்கன்வாடியில் தினமும் மற்றவர் பிள்ளைகளை எடை போட்டு, மாவு உருண்டை பிடித்துக் கொடுத்து, தூங்க வைத்திருக்கிறீர்கள். அந்தத் தண்ணீர் எல்லாம் உள்ளேயே நின்றிருக்கிறது. கணவர் போனதில் மதகு உடைந்தது. ஒரு துக்கம் இன்னொரு துக்கத்தைக் கூப்பிட்டது. நாற்பது நாள் வாசித்தும் கலக்கம் கூடியது என்கிறீர்களே, சங்கீதம் வேலை செய்யாததால் கூடியதாக நான் நினைக்கவில்லை. அது உங்களுக்குள் போய் வேலையைத் தொடங்கிவிட்டதால்தான் அவள் வந்தாள் என்று நினைக்கிறேன்.

அதே ஏழாம் வசனத்தில் “உமது அலைகள்” என்று அவன் தேவனிடம் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தேவன்தான் உங்கள் கணவரையும் பிள்ளையையும் எடுத்தார், ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அந்த வசனத்தைக் காட்டி யாராவது சொன்னால் நான் உடன்படமாட்டேன்; அப்படிப்பட்ட ஆறுதல்களை மருத்துவமனை வராந்தாக்களில் நிறையக் கேட்டிருக்கிறேன், கேட்டவர்கள் முகம் போன போக்கையும் பார்த்திருக்கிறேன். அவன் செய்வது வேறு. முறையீட்டுக்கு ஒரு விலாசம் எழுதுகிறான். அலை யாருடையது என்று தெரிந்தால் யாரிடம் கேட்பது என்றும் தெரியும்.

அடுத்த வசனத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. பென்சில் எடுத்துப் பாருங்கள். 42ஆம் சங்கீதம் முழுக்கத் “தேவன், தேவன்” என்றே வரும். நம் வேதாகமத்தில் “கர்த்தர்” என்று போட்டிருக்கும் இடங்கள் எபிரேயத்தில் தேவனுடைய சொந்தப் பெயர் வருகிற இடங்கள். இந்தச் சங்கீதத்தில் அது ஒரே ஒரு முறை, எட்டாம் வசனத்தில் வருகிறது. முன்னால் அலைகள் புரண்டுபோகின்றன. பின்னால் “ஏன் என்னை மறந்தீர்”. நடுவில், மூச்சுத் திணறுகிறவன் ஒரு நொடி தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்குவதுபோல், அந்தப் பெயர். பகலில் அவர் கிருபை, இரவில் என் வாயில் அவர் பாட்டு. மறுபடி அமிழ்ந்துவிடுகிறான். ஒரே வசனம்தான். உங்களுக்கும் அப்படி ஒரு நாளில் ஒரு நொடி கிடைத்தால் அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

இனி, நீங்கள் கேட்ட முக்கியமான கேள்விக்கு வருகிறேன். எப்படி வாசிப்பது?

இந்தச் சங்கீதத்தில் ஒரு பல்லவி இருக்கிறது. “என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்? ஏன் எனக்குள் தியங்குகிறாய்?” கத்தோலிக்கர் வாசிக்கும் 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பில் “என் நெஞ்சே” என்று இருக்கும். எனக்கு அது இன்னும் பிடிக்கும், ஏனென்றால் நெஞ்சைக் கூப்பிட்டுப் பேசுவது நம் வீட்டு வழக்கம். திருக்குறளில் 125ஆம் அதிகாரத்துக்கே நெஞ்சொடு கிளத்தல் என்றுதான் பெயர். “நினைத்தொன்று சொல்லாயோ நெஞ்சே” என்று பிரிவில் வாடுகிற ஒரு பெண் தன் நெஞ்சிடம் கேட்கிறாள், என் நோய்க்கு ஏதாவது மருந்து யோசித்துச் சொல்லேன் என்று. அவள் கேட்கிறாள், நெஞ்சு பதில் சொல்ல வேண்டும். சங்கீதக்காரனும் கேட்கிறான்.

மாதம் ஒருமுறை என்று 23 தடவை, அதன்மேல் நாற்பது நாள். எத்தனை முறை அந்தக் கேள்வியை உங்கள் வாயால் வாசித்திருக்கிறீர்கள்! ஒருமுறையாவது பதில் சொன்னீர்களா? நாம் எல்லாரும் அதை “கலங்காதே” என்ற கட்டளையாகக் கேட்டுப் பழகிவிட்டோம். நான் பிரசங்கபீடத்தில் பல வருடம் அப்படித்தான் முழங்கியிருக்கிறேன். வசனத்தில் கலங்காதே என்று இல்லை. ஏன் என்றுதான் இருக்கிறது. அங்கன்வாடியில் ஒரு பிள்ளை மூலையில் உட்கார்ந்து அழுதால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? “அழாதே” என்று கத்திவிட்டு அடுத்த பிள்ளையிடம் போயிருக்கமாட்டீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, “ஏண்டா கண்ணு, யார் என்ன சொன்னாங்க?” என்று கேட்டு, அது விம்மி விம்மிச் சொல்லி முடிக்கும்வரை இருந்திருப்பீர்கள். அந்தப் பொறுமையை உங்கள் ஆத்துமாவுக்கு நீங்கள் இன்னும் காட்டவில்லை.

ஆகவே, ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியை மேலே எழுதி, கீழே பதில் எழுதுங்கள். பக்தி மொழி வேண்டாம். “கர்த்தாவே, உம் சித்தம்” என்று தொடங்கினால் அடித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். ரேஷன் கார்டில் அவர் பெயரை நீக்கிய அன்று அழுகை வந்தது என்பது பதில். மைத்துனர்மேல் கோபம் என்பது பதில். பிள்ளையை எங்கே புதைத்தார்கள் என்றுகூட எனக்குக் காட்டவில்லை என்பது, அப்படி இருந்தால், அதுவும் பதில். ஒரு நாளைக்கு இரண்டு வரி போதும். யாருக்கும் காட்ட வேண்டாம், எனக்கும் அனுப்ப வேண்டாம்.

அதே பல்லவியில் “இன்னும்” என்று ஒரு சொல் இருக்கிறது. “நான் இன்னும் அவரைத் துதிப்பேன்.” இப்போது துதிக்கிறேன் என்று அவன் சொல்லவில்லை. இன்றைக்கு முடியவில்லை என்பதை ஒத்துக்கொண்டுதான் சொல்கிறான். ஆராதனையில் எல்லாரும் கைதட்டிப் பாடும்போது உங்களுக்கு வரவில்லையென்றால் சும்மா நில்லுங்கள். காத்திரு என்பதுதான் அவன் தன் ஆத்துமாவுக்குச் சொல்லும் ஒரே கட்டளை.

அடுத்தது, தலைப்பில் கேட்ட கேள்வி. நாற்பது நாளும் நீங்கள் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள்! 43ஆம் சங்கீதத்துக்குத் தலைப்பு கிடையாது. 42இன் பல்லவி அதன் கடைசியிலும் வருகிறது. பல எபிரேயக் கையெழுத்துப் பிரதிகளில் இரண்டும் ஒரே பாட்டாகத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. பல்லவி மூன்று முறை வருகிற ஒரே பாட்டு. உங்கள் அட்டவணை இரண்டாவதோடு உங்களை இறக்கிவிட்டது, ராயக்கோட்டையிலேயே ரயிலைவிட்டு இறக்கிவிட்டதுபோல.

இது ஏன் முக்கியம் என்றால், 42இல் ஒரு விண்ணப்பம்கூட இல்லை. தேடிப் பாருங்கள். தாகம், கண்ணீர், நினைவு, அலை, ஏன் என்ற கேள்வி எல்லாம் உண்டு. “எனக்கு இதைத் தாரும்” என்று ஒன்றுமில்லை. அவனால் கேட்க முடியவில்லை. துக்கத்தின் முதல் கட்டத்தில் என்ன வேண்டும் என்றே தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். 43இல்தான் வாய் திறக்கிறது: என் நியாயத்தை விசாரியும், என்னைத் தப்புவியும். மூன்றாம் வசனத்தில், “உமது வெளிச்சத்தையும் உமது சத்தியத்தையும் அனுப்பியருளும், அவைகள் என்னை நடத்தி”. இருட்டில் ஊருக்குப் போகிறவனுக்குத் துணைக்கு இரண்டு ஆள் அனுப்பச் சொல்வதுபோல் கேட்கிறான். கடைசியில் மறுபடியும் அதே பல்லவி. அவன் இன்னும் எர்மோனில்தான் நிற்கிறான், பயணம் தொடங்கியதாகக்கூட இல்லை. ஆனால் நம் வேதாகமத்தில் முதல் முறை “அவர் சமுகத்து இரட்சிப்பு” என்று இருந்தது, அடுத்த இரண்டு முறையும் “என் முகத்துக்கு இரட்சிப்பு” என்று வருகிறது. உள்ளான வளர்ச்சி என்று நீங்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த விடை இந்த அளவுதான்: கேட்கத் தெரியாதவன் கேட்கத் தொடங்கினான். கலக்கம் போயிற்றா என்றால், மூன்றாம் முறையும் “ஏன் கலங்குகிறாய்” என்றுதான் பாட்டு முடிகிறது.

கலக்கம் விசுவாசக் குறை என்றால், கெத்செமனேயில் “என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது” என்ற இயேசுவையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டிவரும். மத்தேயு அங்கே துக்கத்துக்குப் போட்டிருக்கும் கிரேக்கச் சொல், பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இந்தப் பல்லவியில் உள்ள அதே சொல்தான்.

ஆகவே ஐந்து சங்கீதம் வேண்டாம். 42ஐயும் 43ஐயும் சேர்த்து, இந்தத் தவக்காலம் முழுதும்கூட வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஒரு வசனம். சத்தமாக, ஊரில் பாட்டி கதை சொல்கிற வேகத்தில். முடிந்ததும் தேதி போட வேண்டாம். ஏதாவது ஒரு நாள் ஒரு வசனத்தில் மாட்டிக்கொண்டு நகர முடியவில்லையென்றால் ஒரு வாரம்கூட அங்கேயே இருங்கள். அந்த நான்கரை மணியையும் ஐந்தரை ஆக்குங்கள், ஏனென்றால் தூக்கம் சரியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. “கண்ணீரே எனக்கு உணவாயிற்று” என்பது பாட்டில் அழகாக இருக்கும், உடம்புக்கு ஆகாது. இரண்டு வாரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் தூக்கமும் பசியும் இல்லாமல் போனால், அல்லது நானும் போய்விட்டால் நல்லது என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம், எந்நேரமும் எடுப்பார்கள். சங்கீதம் போதும் என்று சொல்லி நான் அனுப்பிவைத்த ஓரிருவரை மருத்துவரிடம் அனுப்பியிருக்க வேண்டும் என்று பிற்பாடு வருந்தியிருக்கிறேன். அதனால்தான் வலியுறுத்துகிறேன்.

ஊருக்கும் ஒருமுறை போய்வாருங்கள். ஓசூரிலிருந்து பாலக்கோட்டுக்கு ரயிலே இருக்கிறது. கல்லறைத் தோட்டத்துக்குப் போய், கணவர் அருகில் உட்கார்ந்து அந்த நோட்டை ஒருமுறை வாசித்துவிட்டு வரலாம். பெண்பிள்ளைக்கு ஒரு பெயர் வைத்திருந்தீர்களா? பதினோரு நாளில் பெரும்பாலும் வைத்திருக்கமாட்டார்கள். இப்போது வைத்தாலும் யாரும் தடுக்கப் போவதில்லை.

சத்தமாக வாசிப்பதற்கு மொட்டைமாடி நல்ல இடம். ஓசூர்க் குளிருக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். மருமகளிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விடிகாலையில் மாடியில் மாமியார் தனியாக நின்று, “நீ ஏன் கலங்குகிறாய்” என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பெண் பயந்துவிடுவாள்.